முனிரத்னம்மா பேர் வைத்த காற்றுகள்

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் டவுன் பஸ்ஸில் ஏறி மாதேப்பன் கொட்டாய் எங்கே என்று கேட்டால் கண்டக்டர் கொஞ்சம் யோசிப்பார். முனிரத்னம்மா தோப்பு என்று கேட்டுப் பாருங்கள், உடனே விசில் ஊதி இறக்கிவிடுவார். இத்தனைக்கும் அந்தத் தோப்பில் ஒரு மரம்கூட அவளுக்குச் சொந்தமில்லை. நிலம் பெங்களூரில் இருக்கும் ஒரு டாக்டர் குடும்பத்துடையது. முனிரத்னம்மா குத்தகைக்காரி. பூ விடும்போதே மரங்களைப் பேசி எடுத்து, மருந்தடித்து, காவல் போட்டு, காயைப் பறித்து மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் அனுப்புகிறவள்.

அவள் புருஷன் கரியப்பன் ஒரு காலத்தில் பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் துளை போடும் மிஷின் ஓட்டினான். அந்தச் சத்தத்தில் அவன் காது பாதி போயிற்று. பிறகு குவாரியும் மூடிவிட்டார்கள். அப்போது முனிரத்னம்மா மாங்காய் பறிக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கூலிக்குப் போனதில் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. குத்தகை எடுக்கிறவர்கள் மரம் ஏறுவதில்லை, கூடை சுமப்பதில்லை. பேசுகிறார்கள், அவ்வளவுதான். "பேசறதுதான் வேலைன்னா அத நான் பண்ண மாட்டனா?" என்று கரியப்பனைக் கேட்டாள். அவனுக்குக் காதில் விழவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். முதல் வருஷம் பத்து மரம். மூன்றாம் வருஷம் தோப்பில் ஒரு பக்கம். இப்போது முழுத் தோப்பும் அவள் கையில். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், டாக்டர் வீட்டில் கன்னடம் என்று மூன்றிலும் சண்டை போடத் தெரியும்.

ஃபெஞ்சல் புயல் வந்த வருஷம் ஊத்தங்கரைப் பக்கம் பெய்த மழையை இந்த ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். முனிரத்னம்மாவின் மகளைச் சாமல்பட்டியில் கொடுத்திருந்தது. மகள் வீட்டில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். வடிந்ததும் முனிரத்னம்மா அரிசி, பாய், போர்வை எல்லாம் கட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தாள். அந்த ஒரு வாரத்தில் ஊரார் பேசியதை அவள் கவனித்தாள். ஃபெஞ்சலில் போன மாடு, ஃபெஞ்சலில் இடிந்த சுவர், ஃபெஞ்சலுக்கு முன்னால் போட்ட ரோடு. கட்சிக்காரர்கள், டிவிக்காரர்கள், ஆபீசர்கள், எல்லார் வாயிலும் அந்த ஒரு சொல்.

அடுத்த சித்திரையில் மாதேப்பன் கொட்டாயில் ஒரு காற்று அடித்தது. காய்கள் முற்றி, இன்னும் மூன்று வாரத்தில் பறிக்கலாம் என்ற நேரம். மத்தியானம் வரை வெயில் கொளுத்தியது. திடீரென்று மேற்கே செம்மண் தூசி எழுந்தது, பின்னாலேயே காற்றும் மழையும். அரை மணி நேரம்கூட இருக்காது. ஓய்ந்தபோது தோப்புத் தரை முழுக்கப் பச்சையாக இருந்தது. கால் வைக்க இடமில்லாமல் காய். பெங்களூரா ரக மாமரங்கள்தான் அதிகம் அடி வாங்கியிருந்தன. இரண்டு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது.

முனிரத்னம்மா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. எங்கிருந்து பொறுக்க ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பைக் சத்தம் கேட்டது. வந்தவன் கிருஷ்ணகிரி ரோட்டில் மண்டி வைத்திருக்கும் பாஸ்கரன். சட்டையில் ஒரு சொட்டு மழை படவில்லை. எங்கேயோ ஒதுங்கி நின்று, காற்று நின்ற நிமிஷமே கிளம்பியிருக்கிறான்.

"என்னக்கா, எல்லாம் போச்சா?" என்றான். குனிந்து ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "ஊறுகாய்க்குத்தான் ஆவும். நம்ம பழக்கத்துக்காக எடுத்துக்கறன். நீ பாத்து சொல்லு, இல்லன்னா நான் சொல்றன்."

அவன் சொன்ன விலையைக் கேட்டு முனிரத்னம்மா எழுந்து நின்றாள். "பாஸ்கரா, காத்து மரத்துலேர்ந்து பறிச்சிச்சு. நீ என் கையிலேர்ந்து பறிக்கப் பாக்கற. கெளம்பு."

அவன் கிளம்பினான். காய்களை அவள் ஆள் வைத்துப் பொறுக்கி, லாரி பிடித்து, வாணியம்பாடிப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள். நஷ்டம்தான், ஆனாலும் பாஸ்கரன் விலைக்கு விடவில்லை.

காற்றடித்த அன்று ராத்திரி டிவியில் செய்தி பார்த்தார்கள். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் சூறைக்காற்றுடன் மழை என்று கீழே எழுத்தாக ஓடியது. அது ஓடி முடிவதற்குள் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் முனிரத்னம்மா.

மருமகள் அனுப்ரியா ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு வார லீவு. "புயலா இருந்தா பேரு வெச்சி காட்டுவாங்க அத்தே. இது சும்மா காத்துதான."

"சும்மா காத்தா? வெளிய போயி பாரு."

"இல்ல அத்தே, கடல்ல உருவாவறதுக்குத்தான் பேரு. பதிமூணு நாடு சேந்து முன்னாடியே பேரு குடுத்து வெச்சிருக்காங்க. வரிசையா வெப்பாங்க. நெலத்துல அடிக்கிற காத்துக்கெல்லாம் பேரு கெடையாது. அமெரிக்காவுல பாத்தீங்கன்னா மனுசங்க பேர்தான். ஒரு ஆம்பள பேரு, ஒரு பொம்பள பேருன்னு மாத்தி மாத்தி வெப்பாங்க."

"மனுசங்க பேரா?" முனிரத்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கந்தன், முருகன்னு வெக்கற மாதிரியா?"

"ஆமா அத்தே."

முனிரத்னம்மா டிவியை அணைத்தாள். பிறகு போனை எடுத்து, மா விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு ஒன்று போட்டாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மாதேப்பன் கொட்டா முனிரத்னம்மா பேசறன். இன்னிக்கி அடிச்ச காத்துக்கு நான் பாஸ்கரன்னு பேரு வெச்சிருக்கறன். பாஸ்கரன்ல எங்க தோப்புல பாதி காயி போச்சி, ரெண்டு மரம் சாஞ்சிச்சி. உங்க பக்கம் பாஸ்கரன் என்ன பண்ணிச்சின்னு சொல்லுங்க."

அனுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடிவதற்குள் முப்பது பதில். பாஸ்கரனில் எங்கள் வீட்டு ஓடெல்லாம் போயிற்று என்றார் ஒருவர். பாஸ்கரன் எங்கள் ஊரில் வெறும் தூசியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது என்றார் இன்னொருவர். ஒரு வாரத்தில் டீக்கடைகளில் அது சாதாரணப் பேச்சாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டைக் கலைத்துப் போட்டால்கூட "என்னாடி இது, பாஸ்கரன் வந்துட்டுப் போன மாதிரி" என்று தாய்மார்கள் திட்டினார்கள்.

எட்டாம் நாளோ என்னவோ, நிஜப் பாஸ்கரன் வந்தான். பைக்கை நிறுத்தும்போதே முகம் சிவந்திருந்தது.

"அக்கா, என்ன வேல பண்ணி வெச்சிருக்கற? திருப்பத்தூர்ல எங்க மாமியாருக்கு யாரோ அந்த ஆடியோவ அனுப்பி இருக்கறாங்க. பாஸ்கரன்ல பாதி போச்சின்னு கேட்டுட்டு, மருமவன் யாரு குடியக் கெடுத்தான்னு அது ஓன்னு அழுவுது. மண்டிக்கு வர்ற டிரைவருங்கெல்லாம் என்னப் பாத்து சிரிக்கறானுங்க. பேர மாத்து."

முனிரத்னம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "வெச்ச பேர எப்பிடிப்பா மாத்தறது? உன் மேல கோவத்துல வெக்கல. அதுக்கு ஒரு சட்டம் இருக்குது."

"என்ன சட்டம்?"

அதுவரை எந்தச் சட்டமும் இல்லை. கோபத்தில் வைத்ததுதான். ஆனால் முனிரத்னம்மா வாயில் சொல்லுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. "காத்து நின்ன ஒடனே தோப்புக்குள்ள யாரு மொதல்ல கால் வெக்கறாங்களோ, அவங்க பேர்தான் அந்தக் காத்துக்கு. அன்னிக்கி மொதல்ல வந்தது யாரு?"

பாஸ்கரன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "நான்தான்."

"பின்ன?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நியாயம் என்று தோன்றியதோ, இவளிடம் பேசிப் பயனில்லை என்று தோன்றியதோ, தெரியாது. ஆனால் அந்தச் சட்டம் மட்டும் அவன் வாயிலிருந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

வைகாசி பிறந்து சில நாளில் இரண்டாவது காற்று வந்தது. பாஸ்கரனில் தப்பிய காய்களை இனிமேல் பறித்துவிடலாம் என்று முனிரத்னம்மா காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் வாங்கக் கிருஷ்ணகிரி போயிருந்தாள். கரியப்பன் தோப்புக்கு நடுவில் இருந்த தகரக் கொட்டாயில் காவலுக்குப் படுத்திருந்தான். சாயங்காலம் நாலரை, ஐந்து இருக்கும். காற்று எழுந்த சத்தம் அவன் காதில் சரியாக விழவில்லை. தகரம் ஆடுவதைப் பார்த்து எழுந்து வெளியே வருவதற்குள் பக்கத்து மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து கொட்டாய்மேல் விழுந்தது. கம்பம் சாய்ந்தது, தகரம் சாய்ந்தது. அடியில் அவன் கால் மாட்டிக்கொண்டது.

காற்று நின்றதும் ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். திம்மப்பன் என்று ஒருத்தர், பக்கத்து நிலத்துக்காரர், கம்பி வேலி ஓரத்தில் வந்து நின்றார். அவரோடு இன்னும் நாலைந்து பேர். தோப்புக்குள் யாரும் நுழையவில்லை.

"நீ போயி பாருப்பா" என்றார் ஒருவர்.

"நான் போனா திம்மப்பன்னு வெச்சிடும் அந்தம்மா. எம் பேத்திக்கு மாப்ள பாக்கறம். நீ போ."

"நான் எதுக்குப் போறன்? உள்ள யாரும் இல்ல. முனிரத்னம்மா டவுனுக்குப் போயிருக்குது."

உள்ளே கரியப்பன் கையில் கிடைத்த கல்லால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். வேலி ஓரத்தில் நின்றவர்களுக்கு அது காற்றில் ஆடும் தகரச் சத்தமாகப் பட்டது.

தோப்புக்குத் தெற்கே ஒரு சின்ன ஓட்டு வீடு. அதில் அன்னமேரி இருந்தாள். அறுபது வயது தாண்டியவள், தனிக்கட்டை. கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இந்தக் கால் ஏக்கரை வாங்கி நாலு ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். ஓடு பறந்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஆடுகிற தகரம் ஒரே சீராகத் தட்டாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆடு கட்டும் கயிறை எடுத்துக்கொண்டு வேலியைத் தூக்கிக் குனிந்து நுழைந்தாள்.

"அன்னமேரியக்கா, உள்ள போவாத. உம் பேர வெச்சிடும்!" என்று திம்மப்பன் ரோட்டிலிருந்து கத்தினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "பேரு என்னய்யா பேரு? உள்ள மனுசன் கெடக்கறான். கேக்கல உங்களுக்கு?"

அதற்குப் பிறகுதான் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். கயிறைக் கிளையில் கட்டி இழுத்தார்கள். தகரத்தை நாலு பேர் தூக்கினார்கள். அன்னமேரி கரியப்பனின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்திருந்தது. அவள் தன் துண்டைக் கிழித்து, மட்டையை வைத்துக் கட்டுப் போட்டாள்.

முனிரத்னம்மா வந்த பஸ், ரோட்டில் புளியமரம் விழுந்ததால் வழியிலேயே நின்றுவிட்டது. மீதி தூரம் நடந்து வந்தாள். தோப்பு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் நடை ஓட்டமாயிற்று. கரியப்பன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். அவளைப் பார்த்ததும், "காயி எல்லாம் போச்சி ரத்னா" என்றான்.

"காயி கெடக்குது வுடு. உனக்கு என்னாச்சி?"

திம்மப்பன்தான் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "வேலிகிட்டவே நின்னுட்டம் அக்கா. பேருக்குப் பயந்துக்குனு நின்னுட்டம். அவரு உள்ள இருக்கறாருன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா நிப்பமா?"

முனிரத்னம்மா பதில் சொல்லாமல் நின்றதை அந்த ஊர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் காலை அன்னமேரி தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு வந்தாள். கரியப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். பெண்கள் இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நான் வெளையாட்டுக்கு ஆரம்பிச்சது, அன்னமேரி" என்றாள் முனிரத்னம்மா. "பாஸ்கரன் வாய அடைக்க ஒரு சட்டம் சொன்னன். அது எங்கூட்டுக்காரரு கால ஒடிச்சிடுச்சி. இனிமே பேரு கீரு ஒண்ணும் வேணாம்."

"கால ஒடிச்சது மரக்கெள. சரி, நேத்து அடிச்ச காத்துக்கு என்ன பேரு?"

"அதான் வேணாங்கறனே."

"மொதல்ல உள்ள வந்தது நான்தான?"

முனிரத்னம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உம் பேர வெக்கச் சொல்றியா? நாசம் பண்ண காத்துக்கா? ஊரே திட்டும்."

அன்னமேரி தூக்குவாளி மூடியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். "மடத்துல முப்பது வருசம் இருந்தன். அத்தன புள்ளைங்களும் ஆயான்னுதான் கூப்புட்டுச்சிங்க. இங்க வந்தா சர்ச்சு ஊட்டம்மா. ரேசன் கடையில ஏ பெரியம்மாங்கறான். எங்கப்பா ஆசையா வெச்ச பேரு அன்னமேரி. அத முழுசா சொல்லிக் கூப்புட நீயும் திம்மப்பனும்தான் இருக்கறீங்க. திட்டட்டுமே. திட்டறதுக்காவது பேரு தெரியணுமில்ல? பாஸ்கரன் பேரு நிக்கலாம், எம் பேரு நிக்கக் கூடாதா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முனிரத்னம்மா ஆட்களின் முகத்தைப் பார்த்து விலை பேசிப் பிழைக்கிறவள். எது விளையாட்டு, எது மனசு என்று அவளுக்குத் தெரியும். கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. முனிரத்னம்மா பேசறன். நேத்து அடிச்ச காத்துக்குப் பேரு அன்னமேரி. எங்கூட்டுக்காரரு தகரத்துக்கு அடியில மாட்டிக்கினு கெடந்தப்ப மொதல்ல உள்ள வந்து தூக்கனவங்க பேரு அது. ஒண்ணு சொல்லிக்கறன், நல்லா கேட்டுக்கங்க. இனிமே சட்டம் மாறிப் போச்சி. காத்து நின்னதும் மொதல்ல வந்து கை குடுக்கறவங்க பேர்தான் வெப்பன். வேலிகிட்ட நின்னு வேடிக்க பாக்கறவங்க பேரு எந்தக் காத்துக்கும் கெடையாது. வெல பேச வர்றவங்க பேரும் கெடையாது."

அனுப்பிவிட்டு அன்னமேரியிடம் கேட்டாள். "சரியா சொன்னனா?"

"வெல பேச வர்றவங்களத்தான் கொஞ்சம் ஓவரா சொல்லிட்ட" என்றாள் அன்னமேரி.

அந்த மாசக் கடைசியில் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். முனிரத்னம்மா போனாள். மைக் அவள் கைக்கு வந்ததும் முன் வரிசையில் இருந்த அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, எங்க தோப்புல பாஸ்கரன்ல பாதி போச்சிங்க. மீதிய அன்னமேரி கொண்டு போயிடுச்சிங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பல ஊர்க்காரர்கள் பல குறைகளைச் சொல்லிக் களைத்திருந்த நேரம். "திருட்டுன்னா போலீஸ்ல புகார் குடுக்கணும்மா. யார் இவங்க ரெண்டு பேரும்?"

கூடத்தில் ஒரே சிரிப்பு. நடு வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்தான். "ஐயா, நான்தாங்க பாஸ்கரன். ஆனா நான் ஒண்ணும் எடுக்கலீங்க." சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

முனிரத்னம்மா விளக்கிச் சொன்னாள். கரைக்கே வராத கடல் காற்றுக்கெல்லாம் நாடுகள் கூடிப் பேர் வைக்கின்றன, எங்கள் காயைக் கொட்டிப் போகிற காற்றுக்குப் பேர் வைக்க யாருமில்லை, அதனால் நாங்களே வைத்துக்கொண்டோம் என்றாள். அதிகாரியும் சிரித்துவிட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"சரி, பாஸ்கரன் எந்தெந்த ஊர்ல அடிச்சது?"

வலது பக்கத்திலிருந்து கைகள் எழுந்தன. ஊர்ப் பெயர்கள் வந்தன. "அன்னமேரி?" என்று கேட்டபோது வேறு கைகள் எழுந்தன, சில கைகள் இரண்டுக்கும் எழுந்தன. எந்த ஊரில் எந்தக் காற்றில் என்ன போயிற்று என்று குழப்பமில்லாமல் சொல்ல முடிந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். அது அன்னமேரி இல்லைங்க, பாஸ்கரன்லதான் உங்க பம்புசெட் கொட்டா போச்சி என்றார்.

எல்லாம் முடிகிற நேரத்தில் பாஸ்கரன் மறுபடி எழுந்தான். "ஐயா, ஒண்ணே ஒண்ணு. ரெண்டுல பெருசு பாஸ்கரன்தாங்க. அத மட்டும் எழுதிக்கங்க."

"போய்யா" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அன்னமேரியில எங்கூர்ல கரண்டு கம்பமே சாஞ்சிச்சி. உன்னுதுல வெறும் மாங்கா."

அடுத்த வாரம் தோட்டக்கலைத் துறையிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து தோப்புகளைப் பார்த்துப் போனார்கள். அவர்கள் அறிக்கையில் பலத்த சூறைக்காற்று என்றுதான் எழுதினார்கள். உதவி சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இன்னும் வரவில்லை. முனிரத்னம்மா தனக்கு வர வேண்டியதைக் கேட்டு ஆபீசுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வந்தால் நாற்காலி போடுகிறார்கள்.

பாஸ்கரன் திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. மண்டி வைத்திருக்கிறவன் திருந்தி என்ன செய்வான்? ஆனால் மறுபடி தோப்புக்கு வந்தபோது இரண்டு காற்றுக்கும் தப்பி நின்ற கொஞ்சக் காய்க்கு ஒரு நல்ல விலை சொன்னான். முனிரத்னம்மா அவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"என்னக்கா அப்பிடிப் பாக்கற? அந்தப் பேரு இப்ப எல்லா எடத்துலயும் சுத்துது. அநியாயமா வெல சொன்னா, பாஸ்கரன்னா அப்பிடித்தான்னு சொல்லுவாங்க. எனக்குன்னு ஒரு மரியாத வேணாமா?"

"வேணும்பா. இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லு, மரியாத இன்னும் கூடும்."

அவன் ஏற்றினான்.

ஆடி மாசத்தில் கரியப்பனின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடந்தான். திம்மப்பன் இரண்டு கூலி ஆட்களைக் கூட்டி வந்து, இடிந்த காவல் கொட்டாயைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை மரத்துக்குத் தள்ளி, வெட்டவெளியில். காசு வேண்டாம் என்றுவிட்டார். "அடுத்த காத்து வரட்டும்க்கா, நான் எப்பிடி ஓடி வர்றன்னு மட்டும் பாரு" என்றார். பேத்திக்கு மாப்பிள்ளை முடிந்துவிட்ட தைரியம் அது என்றாள் முனிரத்னம்மா.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னமேரி கிருஷ்ணகிரியில் பூசைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. எத்தனை மாசம் என்று மற்றவள் கேட்டாள். "அன்னமேரி அடிச்சிச்சில்ல, அதுக்கு மறுநாள் பொறந்தா" என்றாள் தாய். "ஆட்டோ வர முடியல, ரோடு பூரா மரம். அப்பிடி ஒரு அன்னமேரி. ஆனா இவ நல்லபடியா வந்துட்டா." குழந்தை தாயின் தோளில் தலை வைத்து அன்னமேரியையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்னமேரி விரலை நீட்டினாள். குழந்தை பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆடுகளைக்கூட அவிழ்க்காமல் நேராகத் தோப்புக்கு வந்து இதைச் சொன்னாள். முனிரத்னம்மா மரங்களின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்யும் ஆட்களோடு நின்றிருந்தாள்.

"நான்தான் அன்னமேரின்னு சொல்லி இருக்கலாமில்ல?"

"சொல்லலான்னுதான் வாயத் தொறந்தன். எறங்கற எடம் வந்துடுச்சி." அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "வெரல வுடவே மாட்டங்குது ரத்னா. அவங்கம்மா பிரிச்சி எடுத்துச்சி."

முனிரத்னம்மா அவளுக்கு ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டாள். இருவரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். மறுநாள் முனிரத்னம்மா பெங்களூர் போக வேண்டியிருந்தது. டாக்டர் குடும்பத்துக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோப்பு இருக்கிறது, செந்தூரா ரக மாமரங்கள். அதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று பேசப்போகிறாள். இரண்டு காற்று அடித்த வருஷத்தில் யாராவது தோப்பைக் கூட்டுவார்களா என்று பக்கத்தில் கம்போடு உட்கார்ந்திருந்த கரியப்பன் கேட்டான்.

"எல்லாரும் பயந்துக்குனு இருக்கற வருசத்துலதான் நல்லா பேச முடியும்" என்றாள் அவள், அவன் காதுக்குக் கேட்கும்படி சத்தமாக. "நீயும் வா. கம்போட வந்து நில்லு, அவங்க கொஞ்சம் கொறச்சிக் கேப்பாங்க."

கரியப்பன் பெங்களூர் போகச் சட்டையைத் துவைத்துக் காயப்போட எழுந்தான்.